பழைய பிக்கப் வாங்கும்போது டயர் தேய்மானத்தைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயர் தேய்ந்திருந்தால் புதிதாக நாலு போட்டுக்கொள்ளலாமே, அதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

ஒரே சீராகத் தேய்ந்த டயர் என்றால் அப்படியே செய்யலாம். விலையில் கழித்துக்கொண்டு புது டயர் போட்டால் விஷயம் முடிந்தது. ஓரம் மட்டும் தேய்ந்தது, அலை அலையாகத் தேய்ந்தது, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தேய்ந்தது என்றால் கதை வேறு. கோளாறு டயரில் இல்லை. சஸ்பென்ஷனிலோ, ஆக்ஸிலிலோ, சேஸிஸிலோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதுவும் இதே கோலத்துக்கு வந்துவிடும்.

பிக்கப்பில் இன்னொரு சங்கதி உண்டு. பெரும்பாலான பிக்கப்களில் முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். பின்பக்கம் கமான் பட்டை (வளைந்த இரும்புத் தகடுகளாலான ஸ்பிரிங்) மேல் உட்கார்ந்த, இரண்டு சக்கரத்துக்கும் பொதுவான ஒரே கட்டை ஆக்ஸில். அதனால் ஒரே மாதிரித் தேய்மானம் முன்னால் இருந்தால் ஒரு அர்த்தம், பின்னால் இருந்தால் வேறு அர்த்தம். கார் டயரைப் பார்த்துப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

பார்க்கப் போகும்போது என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

டிரெட் (டயரில் தரையைத் தொடும், பள்ளம் வெட்டிய பகுதி) ஆழம் அளக்கும் கேஜ், காற்றழுத்த கேஜ், டார்ச், 5 மீட்டர் அளவு நாடா, சாக்பீஸ், தரையில் விரிக்க ஒரு பழைய துணி. பகல் வெளிச்சத்தில், வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பாருங்கள். டயர் சூடாக இருந்தால் காற்றழுத்தம் கூடுதலாகக் காட்டும். டயருக்குப் பளபளப்பு பூசி ஈரமாக வைத்திருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பக்கச்சுவரில் ஓடும் மெல்லிய வெடிப்புகளை அந்தப் பூச்சு நன்றாக மறைக்கும்.

டிரெட்டை எங்கே, எத்தனை இடத்தில் அளக்க வேண்டும்?

ஒரு டயரில் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று குறுக்காக மூன்று இடம். சுற்றளவில் மூன்று இடத்தில் அதையே செய்யுங்கள். ஒரு டயருக்கு ஒன்பது எண்கள் வரும். எல்லா டயருக்கும் உள்ளிருந்து வெளியே என்ற ஒரே வரிசையில் எழுதுங்கள். வரிசை மாறினால் பிறகு எதுவும் புரியாது.

பெரிய நீளவாட்டுப் பள்ளங்களில் மட்டும் அளக்க வேண்டும். ஆல் டெரெய்ன் (சாலைக்கும் கரடுமுரடான தரைக்கும் ஏற்ற) டயரில் டிரெட் கட்டைகளுக்கு நடுவே ரப்பர் பாலங்களும், கல் சிக்காமலிருக்க வைத்த சிறு மேடுகளும் இருக்கும். ஊசி அதன்மேல் நின்றால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். தேய்மான எல்லையைக் காட்டும் குறுக்குப் பட்டைமேலும் வைக்கக் கூடாது. அந்தப் பட்டையின் உயரம் 1.6 மி.மீ. டிரெட் அதற்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழையில் பிடிமானம் அதற்கு வெகுமுன்பே, 3 மி.மீ. அளவிலேயே குறையத் தொடங்கிவிடும்.

சாலை டயர் புதிதாக இருக்கும்போது சுமார் 8 முதல் 9 மி.மீ., ஆல் டெரெய்ன் 10 முதல் 12 மி.மீ. ஆழம் இருக்கும். குறுக்கே எடுத்த மூன்று எண்களுக்குள் 1 மி.மீ. வித்தியாசம் சாதாரணம். 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் காரணம் தேட வேண்டும். ஒரே ஆக்ஸிலின் இடது வலது டயர்களை ஒப்பிடும்போதும் இதே கணக்குதான்.

முன் சக்கரங்களின் உள் ஓரத்தைப் பார்க்க ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி ஒன்று, மறுபக்கம் திருப்பி மற்றொன்று பாருங்கள். பின்னால் படுத்துத்தான் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் போனை உள்ளே நீட்டிப் படம் எடுங்கள். வெளி ஓரம் புதுசு போலவும் உள் ஓரம் கம்பி தெரியும் அளவுக்கும் தேய்ந்த டயர்கள் உண்டு. நின்றுகொண்டு பார்த்தால் அது கண்ணில் படாது.

டிரெட்டைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்கிறார்களே, எதற்கு?

கேஜ் காட்டாததைக் கை காட்டும். உள்ளங்கையை டிரெட் மேல் குறுக்காக வைத்து வெளியிலிருந்து உள்ளே மெல்ல இழுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத் தடவுங்கள். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்லாக உறுத்தவும் செய்தால் டோ கோணம் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தவறு.

உள்ளே போகும்போது வழுவழுப்பு, வெளியே வரும்போது உறுத்தல் என்றால் சக்கரங்களின் முன்பகுதி அளவுக்கு மீறி உள்நோக்கித் திரும்பியிருக்கிறது, அதாவது டோ இன் அதிகம். நேர்மாறாக இருந்தால் டோ அவுட். சக்கரம் ஓடும் திசையும் அது பார்க்கும் திசையும் ஒத்துப்போகாததால் ஒவ்வொரு ரிப்பின் (டிரெட்டில் நீளவாட்டில் ஓடும் ரப்பர் வரி) ஒரு விளிம்பு தரையில் உரசி மழுங்குகிறது, எதிர் விளிம்பு கூராக நிற்கிறது.

முன் டயரில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது. கேம்பரா, டோவா?

ரம்பப் பல் இல்லாமல், சரிவாக வழித்தாற்போல் தேய்ந்திருந்தால் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம். சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருந்தால் உள் ஓரம் தேயும், வெளியே சாய்ந்திருந்தால் வெளி ஓரம். ரம்பப் பல்லோடு சேர்ந்த ஓரத் தேய்மானம் என்றால் டோ. டோ இன் வெளி ஓரத்தையும் டோ அவுட் உள் ஓரத்தையும் தின்னும். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

டோ மட்டும் என்றால் பெரிய விஷயமில்லை. டை ராட் எண்டில் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை மூட்டு) ஆட்டம் இல்லாதவரை, சக்கரக் கோணங்களைத் திருத்தும் அலைன்மென்டில் சரியாகிவிடும். கேம்பர் என்றால் கீழ் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கை) புஷ், அதன் வெளி முனையிலுள்ள பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டு, வளைந்த ஆர்ம் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும், அதிலும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கூடுதலாக.

இங்கே நெருங்கிப் பார்க்க வேண்டிய ஒரு இடம் உண்டு. பல பிக்கப்களில் கீழ் ஆர்ம் சேஸிஸோடு சேரும் இடத்தில் கேம்பரையும் கேஸ்டரையும் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) திருத்த நடு விலகிய வாஷர் கொண்ட கேம் போல்ட்கள் இருக்கும். டார்ச் அடித்து அந்த வாஷரிலுள்ள கோடுகளைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால் நிம்மதி. ஒரு பக்கம் நடுவிலும் மறுபக்கம் கடைசி எல்லை வரைக்கும் திருகப்பட்டும் இருந்தால், வளைந்த எதையோ மறைக்க அலைன்மென்டை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். போல்ட் துருப்பிடித்து புஷ்ஷோடு ஒட்டிப்போயிருந்தால், அலைன்மென்ட் செய்ய வேண்டுமானால் அதை அறுத்தெடுத்து ஆர்ம் புஷ்ஷையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்கு வையுங்கள்.

இரண்டு முன் டயரிலும் வெளி ஓரம் கொஞ்சம் உருண்டிருந்தால் பயப்பட வேண்டாம். முன்பாரம் கூடிய உயரமான வண்டி, அடிக்கடி வளைத்துத் திருப்பும் ஓட்டம், இவற்றில் அது சகஜம். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பின் டயர் இரண்டிலும் நடு மட்டும் தேய்ந்திருக்கிறது. கோளாறா?

பெரும்பாலும் இல்லை. முழு லோடுக்கு உரிய காற்றை அடித்துவிட்டு வண்டியைக் காலியாகவே ஓட்டியிருக்கிறார்கள். பல பிக்கப்களின் கதவோர ஸ்டிக்கரில் பின் டயருக்குக் காலியாக ஒரு அழுத்தமும் லோடோடு வேறு அழுத்தமும் போட்டிருக்கும். கனரக எல்டி (லைட் டிரக்) வகை டயரில் 80 பிஎஸ்ஐ வரை அடிக்க இடமுண்டு என்பதால் பக்கச்சுவரில் எழுதியிருப்பதை அப்படியே அடித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். காலி வண்டியில் அவ்வளவு காற்று இருந்தால் டயர் நடுவில் உப்பி நடு ரிப்பில் மட்டும் ஓடும்.

பேரம் பேச இது நல்ல காரணம். வாங்கும் உங்களுக்கு நல்ல செய்தியும்கூட, ஏனென்றால் அதிகம் பாரம் சுமக்காத வண்டி இது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். காற்றுக் குறைவாக ஓடியிருக்கலாம், அல்லது அளவுக்கு மீறி ஏற்றியிருக்கலாம். கமான் பட்டைகள் காலியாக இருக்கும்போதே நேர்கோடாகவோ எதிர்ப்பக்கம் வளைந்தோ நிற்கின்றனவா, ஆக்ஸில் சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் நசுங்கியிருக்கிறதா, பாடியின் தரைத் தகடு அமுங்கியிருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். ஓவர்லோடு ஓடிய வண்டியில் இவற்றில் ஒன்றாவது காட்டிக்கொடுக்கும்.

பின் டயரில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால்?

இந்தக் கேள்வி பதில்களில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டியது இது. கட்டை ஆக்ஸிலில் கேம்பரும் டோவும் திருத்துவதற்கென்று எந்த அமைப்பும் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சக்கரங்கள் நேராக நிற்கும். எனவே பின் டயரின் ஓரம் தேய்ந்திருந்தால், டயரை முன்னாலிருந்து பின்னால் மாற்றிப் போட்டிருக்க வேண்டும். இல்லையேல் ஏதோ வளைந்திருக்க வேண்டும்.

முதலில் எளிய விளக்கத்தைச் சோதியுங்கள். முன் டயர்களில் அதே தேய்மானம் இப்போது தொடங்கியிருக்கிறதா? நட்டுகளில் அண்மையில் கழற்றிய தடம் இருக்கிறதா? இருந்தால் முன்பக்கக் கோளாறுதான் பின்னால் பயணம் வந்திருக்கிறது. இந்த மாற்றிப்போடும் வேலை விற்பதற்குச் சில நாள் முன்பு நடப்பதும் உண்டு.

அந்த விளக்கம் பொருந்தாவிட்டால்:

இரண்டு பின் டயரிலும் உள் ஓரம் சமமாகத் தேய்ந்திருந்தால் ஆக்ஸில் ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) பாரத்தால் வளைந்திருக்கலாம். கமான் பட்டைகள் ஹவுசிங்கைச் சக்கரங்களுக்கு உட்புறமாக அமுக்குகின்றன, சக்கரங்கள் முனைகளைத் தூக்குகின்றன. முனைகள் மேல்நோக்கி வளைந்து சக்கரங்களின் தலை உள்ளே சாய்கிறது.

ஒரு டயரில் மட்டும் என்றால் குழியிலோ கல்லிலோ மோதிய அடி. அந்தப் பக்கத்து ரிம்மின் உள் விளிம்பில் நசுங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். பின் டயரில் ரம்பப் பல் தெரிந்தால் ஹவுசிங் முன்னோ பின்னோ வளைந்திருக்கிறது.

ஆக்ஸில் வளையாமல் இடம் பெயர்வதும் உண்டு. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்தால், அல்லது ஆக்ஸிலைப் பட்டைகளோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்தால், ஒரு பக்கம் பின்னே நகர்ந்துவிடும். இதில் டயர் அவ்வளவாகத் தேயாது. வண்டி நண்டு போல ஓரமாய் ஓடும், நேர் சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். உறுதிசெய்ய முன் சக்கரங்களை நேராக வைத்து, முன் ஹப் மையத்திலிருந்து பின் ஹப் மையம் வரை இரண்டு பக்கமும் நாடாவால் அளங்கள். 5 மி.மீ. வரை வித்தியாசம் அளவெடுப்பில் வரும் பிசகு. 10 மி.மீ.யைத் தாண்டினால் திரும்ப அளங்கள். மறுபடியும் அதே வந்தால் யூ போல்ட் தட்டைச் சுற்றிப் புதிதாகப் பளபளக்கும் உராய்வுத் தடமும் துரு கலைந்த இடமும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

சென்டர் போல்ட் மலிவான வேலை. ஹவுசிங் மாற்றுவது பெரிய செலவு. சேஸிஸ் வளைந்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

டயர் அலை அலையாக, கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருக்கிறதே?

சக்கரம் தரையில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. ஷாக் அப்சார்பர் வலுவிழந்தது முதல் சந்தேகம். அதன்பின் வீல் பேரிங், பால் ஜாயின்ட், பேலன்ஸ். ஷாக்கின் உடலில் எண்ணெய் வழிந்து தூசி ஒட்டிக் கறுத்திருந்தால் போதும், வேறு சோதனை தேவையில்லை. வண்டியின் மூலையை அமுக்கித் துள்ளவிடும் பழைய முறையைப் பிக்கப்பில் நம்ப வேண்டாம். பின் பட்டைகளின் விறைப்பில் செத்த ஷாக்கும் நல்லது போலத் தோன்றும்.

இந்தத் தேய்மானம் ஓடும்போது ‘ஊம்’ என்று ஒலி எழுப்பும், பேரிங் சத்தம் போலவே இருக்கும். மிதமான வேகத்தில் இடம் வலமாக மெல்ல வளைத்துப் பாருங்கள். பாரம் ஒரு பக்கம் மாறும்போது ஒலி கூடிக் குறைந்தால் பேரிங். மாறாமல் ஒரே சீராக இருந்தால் டயர்.

ஆல் டெரெய்ன் டயரில் ஒவ்வொரு கட்டையும் ஒரு முனை உயர்ந்து மறுமுனை தாழ்ந்திருக்கிறது. இதுவும் கோளாறா?

இல்லை. பெரிய தனிக்கட்டைகள் தரையைத் தொடும்போதும் விடும்போதும் சற்று மடங்குவதால் வருவது. டயரை முன்பின் மாற்றிப் போடாமல் ஓட்டினால் கூடும். சத்தம் தொல்லை தரும், அவ்வளவுதான். சுற்றளவு வழியாக உணரப்படுவது இது. குறுக்கே உணரப்படுவது டோ. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நாலு டயரும் புத்தம் புதிது. நல்லதுதானே?

டயர் நல்லது. ஆனால் சாட்சி போய்விட்டது. பழைய டயர்களைக் காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால் புது டயரோடு எடுத்த அலைன்மென்ட் அறிக்கையைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் நீங்களே ஒரு இடத்தில் அலைன்மென்ட் அளக்க ஏற்பாடு செய்யுங்கள். முன்னால் இரண்டு மட்டும் புதிது என்றால் கூடுதல் கவனம். ஸ்டெப்னியையும் இறக்கிப் பாருங்கள்: தேய்ந்த டயர்களில் ஒன்று பெரும்பாலும் அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். ஸ்டெப்னியை இறக்கும் சங்கிலி வேலை செய்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

டயரின் வயதை எப்படிப் பார்ப்பது?

பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். சில டயர்களில் இந்த நான்கு இலக்கங்கள் உட்புறச் சுவரில் மட்டும் இருக்கும். நாலும் ஒரே காலத்தவையா என்று பாருங்கள். ஓடோமீட்டர் 25,000 கி.மீ. காட்டுகிறது, வண்டியைவிட டயர்கள் மூன்று வருடம் இளையவை, அவையும் பாதி தேய்ந்தவை என்றால் அந்த ஓடோமீட்டரை நம்புவதற்கு முன் சர்வீஸ் பதிவைக் கேளுங்கள். டிரெட் எவ்வளவு இருந்தாலும் 10 வருடத்தைத் தாண்டிய டயரை விலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கூடுதலாக என்ன பார்க்க வேண்டும்?

நாலு டயரும் ஒரே அளவா, சுற்றளவு ஒத்துப்போகிறதா என்று. தேவைப்படும்போது மட்டும் போடும் ஃபோர் வீல் அமைப்பில், முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழல இடம் தரும் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. முன் டயரும் பின் டயரும் வேறு வேறு ஆழமாக இருந்தால், அதைப் போட்டு ஓட்டும்போது, இழுவையை முன்னும் பின்னும் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறும். காய்ந்த தார்ச் சாலையிலும் அதே நிலையில் ஓட்டிய வண்டியில் டயர்கள் காரணமில்லாமல் வேகமாகத் தேய்ந்திருக்கும். எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வகையில் டயர்களுக்குள் 2 மி.மீ.க்கு மேல் ஆழ வித்தியாசம் இருக்க விடாதீர்கள்.

உயரம் தூக்கிய வண்டியில்?

சஸ்பென்ஷனை உயர்த்தினால் கேம்பர், டோ இரண்டும் மாறும். பிறகு அலைன்மென்ட் செய்யாமல் விட்டிருந்தால் முன் டயர் ஓரம் தேய்ந்திருக்கும். அலைன்மென்ட் செய்தும் தேய்ந்திருந்தால் திருத்த இடமில்லாத அளவுக்கு உயர்த்தியிருக்கிறார்கள். டார்ஷன் பாரை (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கத்தால் பாரம் தாங்கும் கம்பி) வெறுமனே முறுக்கி உயர்த்திய வண்டியா என்று கேளுங்கள். சவாரி கல் போலிருக்கும், முன் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் சிவி ஜாயின்ட் மூட்டுகளின் ரப்பர்கள் சாய்ந்த கோணத்தில் சீக்கிரம் கிழியும்.

பால் ஜாயின்டையும் பேரிங்கையும் அங்கேயே சோதிக்க முடியுமா?

முடியும், உரிமையாளர் சம்மதித்தால். சமதரையில் பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். ஸ்பிரிங் அல்லது டார்ஷன் பார் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருந்தால் ஜாக்கியையும் கீழ் ஆர்மின் வெளி முனைக்கு அடியில் வைக்க வேண்டும். சேஸிஸில் வைத்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் பால் ஜாயின்டை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றே தூக்குங்கள். வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள்: ஆட்டம் நின்றால் பேரிங், நீடித்தால் பால் ஜாயின்ட். பக்கவாட்டில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் டை ராட் எண்ட் அல்லது ஸ்டீயரிங் பெட்டி.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறது. வாங்கலாமா?

முதலில் காற்றழுத்தத்தைச் சமப்படுத்துங்கள். சாலை ஒரு பக்கம் சரிந்திருந்தாலும் இழுக்கும். எதிர்ச் சரிவில் ஓட்டிப் பாருங்கள். இன்னும் இழுத்தால் முன் டயர்களை இடம் வலம் மாற்றச் சொல்லுங்கள் (ஒரே திசையில் மட்டும் ஓட வேண்டிய டயர் என்றால் இது கூடாது). இழுப்பு திசை மாறினால் டயரின் உள்கட்டமைப்பில் குறை. மாறாவிட்டால் கேஸ்டர், கேம்பர் அல்லது சிக்கிக்கொண்ட பிரேக். ஓட்டி முடித்ததும் சக்கரங்களை நெருங்கி உள்ளங்கையைக் காட்டினால் பிரேக் சிக்கிய சக்கரம் மற்றதைவிட நன்றாகச் சுடும்.

அலைன்மென்ட் அறிக்கையில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

திருத்துவதற்கு முந்தைய எண்களை. பிந்தையவை எல்லாம் பச்சையாகத்தான் (அளவுக்குள்) இருக்கும். முன் டோ சிவப்பாக (அளவுக்கு வெளியே) இருந்தால் கவலை வேண்டாம். இடது வலது கேம்பருக்குள் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்து அது திருத்திய பிறகும் நீடித்தால் ஏதோ வளைந்திருக்கிறது. பின் ஆக்ஸில் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சொல்லும் திரஸ்ட் ஆங்கிளும் அதில் இருக்கும். அது சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். விலகியிருந்தால் மேலே சொன்ன நாடா அளவோடு ஒப்பிடுங்கள்.

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள பிக்கப் என்றால்?

உள் டயரின் காற்றைக் கட்டாயம் அளங்கள். வெளி வால்வு எளிது என்பதால் உள்ளதை மறந்துவிடுவார்கள். ஜோடியில் ஒன்று சிறுத்திருந்தால் பெரியது பாரத்தைத் தாங்கிச் சூடேறும், சிறியது தரையில் இழுபட்டுத் தேயும். ஜோடிக்குள் விட்டத்தில் 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது.

வாங்கிவிட்டேன். முதலில் டயரா, அலைன்மென்டா?

முதலில் பாகங்கள்: பால் ஜாயின்ட், புஷ், ஷாக், டை ராட் எண்ட். பிறகு டயரும் பேலன்சும். கடைசியில் அலைன்மென்ட், ஏனென்றால் கோணலாகத் தேய்ந்த டயரிலும் ஆட்டமுள்ள மூட்டிலும் எடுத்த அளவு நிலைக்காது. புது டயர் போட்ட அன்றே ஒன்பது இடத்திலும் அளந்து எழுதி வையுங்கள். 1,500 கி.மீ. ஓடியதும் டிரெட்டைக் கையால் தடவிப் பாருங்கள். ரம்பப் பல் தொடங்கியிருந்தால் இந்தக் கட்டத்திலேயே டோவைத் திருத்திவிடலாம், டயரும் தப்பும். 5,000 கி.மீ.யில் மறுபடி அளந்து, உள் ஓரமும் வெளி ஓரமும் ஒரே அளவில் குறைந்திருக்கின்றனவா என்று முதல்நாள் எண்களோடு ஒப்பிடுங்கள்.